கணக்கின் மேல் பழி போடாதீர்

மின்கட்டணம் உயரும் ஒவ்வொரு முறையும் நம் மக்களிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. "எல்லாம் கணினி போடும் கணக்கு, நமக்கென்ன தெரியும்?" என்று கைவிரிப்பது ஒரு குரல். "எல்லாம் முதலாளிகள் போடும் கணக்கு, ஒரு சொல்லையும் நம்பாதே" என்று கைநீட்டுவது மற்றொரு குரல். முன்னது பணிவு போலவும் பின்னது வீரம் போலவும் தோன்றும். உண்மையில் இரண்டும் உடன்பிறந்தவையே. கணக்கைத் திறந்து பார்க்கும் உழைப்பை இரண்டும் தவிர்க்கின்றன. இந்தத் தவிர்ப்பை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டால், ஆசிரியர்களாகிய நாம்தாம் முதலில் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். இக்கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது.

எந்தக் கணக்கைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் கூறிவிடுகிறேன். ஒரு மின்நிறுவனத்திடம் நிலக்கரி, இயற்கை எரிவாயு, எண்ணெய், அணைநீர் எனப் பல வழிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. கிடைக்கும் அளவு வேறு. நிலையத்தின் ஆற்றல் வேறு. நாட்டுக்கு இத்தனை மெகாவாட் வேண்டும் என்று தெரிந்தபின், எதை எவ்வளவு எரித்தால் மொத்தச் செலவு மிகக் குறையும்? இதற்கு விடை காணும் முறைக்கு நேரியல் திட்டமிடல் என்று பெயர். இது வானத்திலிருந்து இறங்கிய வித்தை அன்று. நம் நாட்டில் ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதப் பாடத்தில் இது ஓர் அதிகாரமாகவே இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் நம்மிடம் வாய்பாடு படித்த பிள்ளைகள், ஐந்தாண்டு கழித்து இடைநிலைப் பள்ளியில் இதைப் படிக்கின்றனர். வரைபடத்தாளில் மூன்று கோடுகள் இழுத்து, நடுவில் ஒரு பகுதியை நிழலிட்டு, அளவுகோலை நகர்த்தி, மூலையில் ஒரு புள்ளியைத் தொட்டுப் பத்து மதிப்பெண் பெறுகின்றனர். பெற்றபின் மறந்துவிடுகின்றனர். அந்தக் கோடுகளை எழுதியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கோடு எழுதுவது என்றால் என்ன என்பதை நான் வரைபடத்தாளில் கற்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கற்றேன். தென் செபராங் பிறையில் நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரு டீசல் மின்னாக்கி இருந்தது. ஆலைக்கு அது நாள் முழுதும் ஓடும். பங்களாவுக்கு விளக்கு அணைவதே இல்லை. லயத்து வீடுகளுக்கு மட்டும் மாலை ஏழு மணிக்கு வந்து இரவு பத்து மணிக்குப் போய்விடும். டீசல் விலை ஏறிய மாதங்களில் ஒன்பது மணிக்கே போய்விடும். தேர்வுக் காலமாயிற்றே என்று என் தந்தையார் ஒருமுறை கிராணியிடம் கேட்டார். அவர் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவர் கொடியவர் அல்லர்; கூட்டலில் பிழை செய்பவரும் அல்லர். டீசல் செலவு குறைய வேண்டும், ஆலை நிற்கக் கூடாது, பங்களா இருளக் கூடாது என்பவை அவருக்கு மேலிடம் தந்த விதிகள். லயத்திற்கு இத்தனை மணி நேரத்திற்குக் குறையாமல் விளக்கு வேண்டும் என்று ஒரு வரி அந்தப் புத்தகத்தில் எழுதப்படவில்லை. செலவைக் குறைக்கச் சொன்னால் கணக்கு முதலில் எங்கே கைவைக்கும்? கீழ்வரம்பு எழுதப்படாத இடத்தில்தான் கைவைக்கும். இந்த உண்மையைப் பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சமனிலி என்ற பெயரில் சந்தித்தபோது, எனக்குப் பழைய பகையாளியைக் கண்டது போலிருந்தது.

இனி வகுப்பறைக்குப் போவோம். எண்கள் என் கற்பனை. பிள்ளைகள் கையால் போட்டுப் பார்க்கத் தக்கவாறு அமைத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்திற்கு 100 அலகு மின்சாரம் வேண்டும். எரிவாயு நிலையம் 70 அலகுக்கு மேல் தராது. நிலக்கரி நிலையம் 80 அலகுக்கு மேல் தராது. நிலக்கரியில் ஓர் அலகுக்கு ஆகும் செலவு 15 வெள்ளி. எரிவாயுவில் 21 வெள்ளி. மலிவான கலவை எது? நிலக்கரியை முடிந்த மட்டும் எரித்து மிச்சத்தை எரிவாயுவால் நிரப்ப வேண்டும். அதாவது நிலக்கரி 80, எரிவாயு 20. செலவு 1,620 வெள்ளி. ஆறாம் ஆண்டு மாணவனும் இதைச் சொல்லிவிடுவான்.

இப்பொழுது அரசாங்கம் எரிவாயுவுக்கு உதவித்தொகை தந்து அதன் செலவை 12 வெள்ளியாக இறக்கிவிட்டது என்று கொள்வோம். உடனே விடை புரண்டுவிடும். எரிவாயு 70, நிலக்கரி 30. செலவு 1,290 வெள்ளி. பூமியில் ஒன்றும் மாறவில்லை. எரிவாயு கூடுதலாக ஊறவுமில்லை, நிலக்கரி குறையவுமில்லை. ஒரு தாளில் ஓர் எண் மாறிற்று. நாட்டின் அடுப்பே மாறிவிட்டது.

இது கற்பனையோடு நிற்கும் செய்தி அன்று. 1980-இல் நம் நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயால் ஆனது. 1973-இல் எண்ணெய் விலை ஏறிய அதிர்ச்சியும், 1979-இல் மீண்டும் வந்த அதிர்ச்சியும் அந்த நிலையின் ஆபத்தை உணர்த்தின. 1981-இல் எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி என்னும் நான்கையும் கலந்து பயன்படுத்தும் நால்எரிபொருட் கொள்கை வகுக்கப்பட்டது. சிலாங்கூரின் காப்பார் மின்நிலையம் நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் ஆகிய மூன்றையும் எரிக்க வல்லதாக அமைந்தது. ஒரே வளாகத்தில் கலவைக் கணக்கின் வடிவம் முழுவதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் அதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை. ஆயினும் நடந்தது என்ன? நான்கையும் கலப்பது என்று தொடங்கிய பயணம், 2000-ஆம் ஆண்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எரிவாயு என்ற இடத்தில் வந்து நின்றது. எண்ணெயின் மேல் சாய்ந்திருந்த நாடு எரிவாயுவின் மேல் சாய்ந்தது.

காரணம் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1997 முதல் 2008 வரை மின்துறைக்கு விற்கப்பட்ட எரிவாயுவின் விலை, பத்து இலட்சம் பிரித்தானிய வெப்ப அலகுக்கு 6 வெள்ளி 40 காசு என்று கட்டி வைக்கப்பட்டிருந்தது. உலகச் சந்தை எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தபோதும் அந்த எண் அசையவில்லை. அப்படிப்பட்ட எண்ணை உள்ளே இட்டால் எந்தக் கணினியும் எரிவாயுவையே எரிக்கச் சொல்லும். 2008 ஜூலையில் அது 14 வெள்ளி 31 காசாக ஏற்றப்பட்டது. மறு ஆண்டே 10 வெள்ளி 70 காசாக இறக்கப்பட்டது. இதற்கிடையே நிலக்கரி நிலையங்கள் எழுந்தன. பேராக்கின் மஞ்சோங்கில் 2,100 மெகாவாட், ஜொகூரின் தஞ்சோங் பின்னில் 2,100 மெகாவாட் என அடுத்தடுத்து வந்தன. அவற்றுக்கு வேண்டிய கரி பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. 2022-இல் உக்ரேன் போருக்குப்பின் ஆஸ்திரேலிய நிலக்கரி ஒரு டன் 400 அமெரிக்க டாலரையும் தாண்டியபோது, முன்னே மலிவு என்று சொன்ன அதே கணக்கு வேறு விடை சொன்னது. அதைப் பொய்யன் என்று ஏசுவதா? கேட்ட கேள்விக்கு அது ஒவ்வொரு முறையும் உண்மையாகவே விடை சொல்லிற்று.

எனவே கணக்கை நம்பாதே என்போரோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த முறையை முதலில் கண்டவர்களுள் ஒருவர் சோவியத் நாட்டின் கந்தரோவிச். லெனின்கிராடில் ஓர் ஒட்டுப்பலகைத் தொழிலகம், எந்த இயந்திரத்தில் எந்த மரத்தைச் சீவினால் விளைவு மிகும் என்று கேட்டபோது, 1939-இல் அவர் இதற்கு வழி வகுத்தார். அவரை அறியாமலே அமெரிக்கரான டான்சிக் 1947-இல் மூலைக்கு மூலை தாவி விடை காணும் முறையை அமைத்தார். விமான எரிபொருளைக் கலக்கும் விகிதத்தை இம்முறையால் காணும் ஆய்வு 1952-இலேயே வெளிவந்தது. அதே பத்தாண்டில் பிரான்ஸ் நாட்டு மின்நிறுவனத்தார் எத்தகைய நிலையங்களைக் கட்டுவது என்பதற்கே இதைப் பயன்படுத்தத் தொடங்கினர். பொதுவுடைமை நாட்டிலும் முதலாளித்துவ நாட்டிலும் ஒருங்கே பிறந்த பிள்ளை இது. கந்தரோவிச்சின் பொருளியல் நூல் அவருடைய நாட்டில் வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின; 1959-இல்தான் வந்தது. உழைப்பே மதிப்பைத் தரும் என்ற கொள்கைக்கு அவருடைய கணக்கு மாறானது என்று சிலர் அஞ்சினர். எதைக் கண்டு அஞ்சினர் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

அவர் கணக்கு எரிபொருட் கலவையை மட்டும் சொல்லி நிற்பதில்லை. எழுதப்பட்ட ஒவ்வொரு வரம்புக்கும் ஒரு விலையைச் சேர்த்துச் சொல்லும். அதை நிழல் விலை என்பர். நம் பழைய எடுத்துக்காட்டுக்கே திரும்புவோம். நிலக்கரியில் ஓர் அலகுக்கு 1 டன் கரியமிலவாயுவும் எரிவாயுவில் 0.4 டன்னும் வெளிவருவதாகக் கொள்வோம். இந்த விகிதம் உண்மைக்கு மிகத் தொலைவில் இல்லை. 80-க்கு 20 என்ற முதற்கலவையில் 88 டன் வெளியாகும். 70 டன்னுக்கு மேல் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் கலவை 50-க்கு 50 ஆகும். செலவு 1,800 வெள்ளி. 18 டன் குறைக்க 180 வெள்ளி கூடிற்று; ஒரு டன்னுக்கு 10 வெள்ளி. இதுவே அந்த வரம்பின் நிழல் விலை. "தூய காற்று வேண்டும், ஆனால் நாட்டுக்குக் கட்டுப்படியாகாதே" என்று மேடையில் ஒருவர் சொன்னால், "எத்தனை வெள்ளி, ஐயா?" என்று கேட்கும் உரிமையை இந்தப் பத்து வெள்ளி நமக்குத் தருகிறது. மறைப்பவர்கள் மனிதர்கள், கணக்கு மறைப்பதில்லை. திறந்து கேட்பாரிடம் ஒவ்வொரு வரியின் விலையையும் சொல்லிவிடுகிறது. கணக்கைச் சாடுவோர், தம் கையில் கிடைத்த நல்ல படைக்கலத்தை எதிரியினுடையது என்று எண்ணிக் குப்பையில் எறிகின்றனர்.

நிழல் விலையை உணர 2011-ஆம் ஆண்டை நினைத்தால் போதும். அவ்வாண்டு மின்நிலையங்களுக்கு எரிவாயுத் தட்டுப்பாடு நேர்ந்தது. குறைந்த இடத்தை எண்ணெயாலும் டீசலாலும் நிரப்ப வேண்டியதாயிற்று. அப்பொழுது பட்டியலில் எரிவாயுவின் விலை ஒன்றாகவும், நாட்டுக்கு அதன் உண்மை மதிப்பு வேறாகவும் இருந்தன. இன்னும் ஒரு பங்கு எரிவாயு கிடைத்திருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெய் மிச்சமாகியிருக்குமோ, அதுவே அதன் நிழல் விலை. பட்டியல் விலையை மட்டும் பார்த்துச் சிக்கனமின்றிச் செலவிட்டோர், அந்த மதிப்பை அறியாமலே புகைபோக்கி வழியே அனுப்பினர்.

எனினும் கணக்கை வழிபடுவோருக்கும் ஒரு செய்தி உண்டு. குறிக்கோளில் எழுதப்படாத செலவு, கணினியின் கண்ணுக்குப் படாது. 1992 செப்டம்பர் 29-இல் தீபகற்பம் இருளில் மூழ்கியபின், தனியார் மின்உற்பத்தி நிறுவனங்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. அவற்றோடு செய்துகொண்ட நீண்டகால ஒப்பந்தங்களில், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையம் ஆயத்தமாக இருப்பதற்கென்று ஒரு தொகை தரவேண்டும் என்ற விதி இருந்தது. 1997-இன் பொருளியல் வீழ்ச்சியால் மின்தேவை எதிர்பார்த்தபடி வளராதபோது, அத்தொகை பெருஞ்சுமையாயிற்று. இன்று எந்த நிலையத்தை எவ்வளவு ஓட்டுவது என்னும் எரிபொருட் கணக்கில் அச்சுமை ஒரு வரியாகக்கூட வராது. என்ன முடிவு செய்தாலும் கொடுத்தே தீரவேண்டிய தொகை என்பதால், கணித முறைப்படி அது வெளியே நிற்பது சரிதான். ஆனால் அந்தக் கணக்கைக் காட்டி, "பாருங்கள், மிகக் குறைந்த செலவு" என்று பொதுமக்களிடம் சொல்வது சரியா? ஓட்டத்தின் செலவு குறைந்தது. ஒப்பந்தத்தின் செலவு குறையவில்லை. இரண்டையும் பிரித்தறிய நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தரவில்லை.

வெளியே நின்றுவிடும் செலவு எப்போதும் பணமாகவே இருக்கும் என்பதும் இல்லை. நம் முன்னோர் பலர் கப்பலேறிய சென்னைக்கு வடக்கே எண்ணூர் என்று ஒரு கழிமுகம் இருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பற் குழம்பு, குழாய்க் கசிவுகளால் கொசத்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் பல ஆண்டுகளாகப் படிந்து வந்ததைப் பற்றி அங்குள்ள மீனவர்கள் முறையிட்டனர். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. நிலக்கரி மலிவு என்ற கணக்கில் அந்த மீனவரின் வலை எந்த வரியில் எழுதப்பட்டிருந்தது? நான் அறிந்த வரையில் எரிபொருட் கலவைக் கணக்குகளில் வலைக்கு நிரல் இல்லை. லயத்துக்கு நேர்ந்ததே வலைக்கும் நேர்ந்தது.

கற்றறிந்த பொறியாளர் ஒருவர் இதைப் படித்தால், "உண்மைக் கணக்கு இவ்வளவு எளிதன்று" என்பார். அவர் சொல்வது மெய். நிலையத்தை மூட்டுவதா, அணைப்பதா என்பது பாதி மூட்டுதலை ஏற்காது. அங்கே முழு எண்கள் புகுந்துவிடும். கொதிகலனின் திறன் சுமைக்கேற்ப வளைகோடாக மாறும்; அதைச் சிறு சிறு நேர்கோடுகளாக உடைத்துத்தான் கணக்கில் இட முடியும். அணைநீருக்கு விலையே இல்லை என்று எண்ணினால், இன்றே அனைத்தையும் திறந்துவிடச் சொல்லும் கணக்கு. ஆகவே நாளைய மதிப்பை இன்றே ஏற்றி வைப்பர். தெமெங்கோரிலும் கென்யிரிலும் தேங்கியுள்ள நீர் சும்மா கிடப்பதாக எண்ணும் பிள்ளைக்கு இதை விளக்குவது தனி இன்பம். இத்தனை நுணுக்கங்கள் இருந்தும், குறிக்கோளையும் வரம்புகளையும் யாரோ ஒருவர் எழுதுகிறார் என்ற உண்மை மட்டும் மாறுவதில்லை.

இனி நம்மவர்களுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் இப்பொருளை எடுத்தேன். "இதெல்லாம் தமிழில் சொல்ல வேண்டியதா? தமிழாசிரியர் இலக்கியம் சொன்னால் போதாதா?" என்றார் ஒருவர். பலர் தலையசைத்தனர். தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரத்தை நாம் பிள்ளைகளுக்கு ஓதுவிக்கிறோம். அழிவதையும் ஆவதையும் எடைபோட்டுச் செயல்படச் சொல்லும் அதிகாரம் அது. பிள்ளை அதைத் தாளில் எழுதினால் மதிப்பெண் தருகிறோம். எடைபோட்டுக் காட்டச் சொன்னால், அது கணித ஆசிரியர் வேலை என்று விலகிக்கொள்கிறோம். தமிழை இந்த மேடையிலிருந்து இறக்கிவிட்டவர் எந்த அரசும் இல்லை, எந்த இனமும் இல்லை. தலையசைத்த நாம்தாம்.

சொல் இல்லை என்பது அடுத்த சாக்கு. வரம்பு, கீழ்வரம்பு, மேல்வரம்பு, குறிக்கோள், நிழல் விலை ஆகியவற்றுள் எது தமிழ்ப்பிள்ளைக்கு விளங்காத சொல்? ஒருவகையில் சிக்கல் சொல் மிகுதிதான். இலங்கைப் பாடநூல் சமனிலி என்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் அசமன்பாடு என்கிறது. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுப்பது ஒரு மாலைப்பொழுதின் வேலை. எனக்குச் சமனிலியே பிடிக்கும். சிறியது, வாயில் நிற்கிறது.

நான் பணிபுரியும் பத்து காவானில் ஒருகாலத்தில் கரும்பு விளைந்தது. பின்னர் செம்பனை நின்றது. 2014-இல் இரண்டாம் பாலம் திறந்தபின், இன்று இரவு பகலாக ஓடும் மின்னணுத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. அவற்றுக்கு ஒரு நொடிகூட மின்சாரம் தடைப்படக் கூடாது; அந்தக் கீழ்வரம்பை எழுத அவற்றுக்கு ஆட்கள் இருக்கின்றனர். வடக்கே பிறையில் எரிவாயுவால் இயங்கும் 1,071 மெகாவாட் நிலையம் 2016 முதல் ஓடுகிறது. 2014-இலிருந்து ஆறு மாதத்திற்கு ஒருமுறை எரிபொருட் செலவு மின்கட்டணத்தில் சரிசெய்யப்பட்டு வந்தது. 2025 ஜூலை முதல் அது மாதந்தோறும் சரிசெய்யப்படுகிறது. அதாவது நான் மேலே சொன்ன கணக்கின் விடை, இனி மாதம் ஒருமுறை நம் கட்டணச் சீட்டைத் தொடக்கூடியது. 2021-இல் புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டுவதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. பழையவற்றை எப்போது மூடுவது, இடத்தை எதனால் நிரப்புவது, கூடும் செலவை எவர்மேல் ஏற்றுவது என்னும் வரம்புகள் இந்தப் பத்து இருபது ஆண்டுகளில்தான் எழுதப்படும். இன்று நம் வகுப்பில் இருப்பவர்கள் அப்போது முப்பது வயதினராக இருப்பர். எழுதும் மேசையில் அவர்களுள் சிலரேனும் அமர வேண்டாமா? அமராதவர்கள் எழுதப்பட்டதைப் படிக்கவேனும் வேண்டாமா?

என் வேண்டுகோள் சிறியது. வருகிற பள்ளி விடுமுறையில் நம் சங்கம் நடத்தும் ஆசிரியர் பட்டறையில் அரைநாளை இதற்கு ஒதுக்கித் தாருங்கள். கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில் அமரட்டும். மேலே தந்த நூறு அலகுக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம். பிறகு தோட்டத்து மின்னாக்கிக் கணக்கை எடுத்து, லயத்துக்கு எத்தனை மணி நேரத்தைக் கீழ்வரம்பாக எழுதுவது, அதற்கு எத்தனை லீட்டர் டீசல் ஆகும் என்று ஆளுக்கொரு வரி எழுதுவோம். என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர் இதை வரைபடம் இல்லாமல், வெறும் அட்டவணை போட்டே செய்துவிட்டனர்; மூன்று மணி நேரம் போதாது என்று ஐந்து என்று எழுதினர். எங்கள் கிராணியின் புத்தகத்தில் இல்லாத வரி அது. வரைபடத்தாள் நான் கொண்டுவருகிறேன்.